இல்லாத வருமானத்துக்குப் பிடித்த வரி

எங்கள் பழைய ஆபீசின் வாட்ஸ்ஆப் குழுவில் போன வாரம் ஒரு அறிவிப்பு வந்தது. சம்பளப் பிரிவு வேலை முழுக்க இனிமேல் செல்போன் செயலியில்தானாம். வாடகை, இன்ஷூரன்ஸ், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாவற்றையும் ஊழியர்களே அதில் ஏற்றிவிடலாம். ‘இதர வருமானம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறதாம். அதில் யார் என்ன போட்டாலும் பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரியாதாம். அதற்குக் கீழே வரிசையாகக் கைதட்டும் பொம்மைகள். கூடவே, அறிவிப்பைப் போட்ட பிள்ளையிடமிருந்து எனக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு மலருக்கு, ‘சம்பளப் பிரிவில் என் இனிய நினைவுகள்’ என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டுமாம். இளைஞர்களுக்கு ஊக்கம் தருவதாக இருக்க வேண்டுமாம்.

மற்றவர் சம்பளத்தில் வரி பிடித்தே வயதான ஒருவனுக்கு இனிய நினைவுகள் இருக்கும் என்று நம்பிய அந்தப் பிள்ளையை நான் மனதாரப் பாராட்டுகிறேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். ஒரு பக்கத்தில் அடங்கவில்லை, ஊக்கமும் வரவில்லை. மலரில் இதைப் போட மாட்டார்கள். எனவே பெயர்களை மாற்றி இங்கே எழுதுகிறேன்.

தி. நகரில், பாண்டி பஜாருக்குப் பின்பக்கத் தெரு ஒன்றில் எங்கள் ஜவுளி நிறுவனத்தின் தலைமை அலுவலகம். கீழே கிடங்கு, மாடியில் கணக்குப் பிரிவு. மாலைக் கல்லூரியில் பி.காம். முடித்துவிட்டு மேற்கு மாம்பலத்திலிருந்து ரயில்வே மேம்பாலப் படி ஏறி இறங்கி நடந்தே வேலைக்குப் போனேன். முதல் சில வருடங்கள் பேரேட்டில் கூட்டல், பிறகு கால்குலேட்டரில் கூட்டல், பிறகு கம்ப்யூட்டர் கூட்டியதைச் சரிபார்க்கக் கால்குலேட்டரில் கூட்டல். என் பயிற்சிக் காலம் இவ்வளவுதான். அதற்குள் சம்பளப் பிரிவு என் தலையில் வந்து விழுந்தது. அதன்பின் எனக்கு ஆபீசில் ‘வரி சார்’ என்று பெயர். நானே மத்திய அரசு என்பது போலத்தான் பார்ப்பார்கள்.

சம்பளப் பிரிவுக்கு ஜனவரிதான் திருவிழா. வரிச் சலுகைக்கான சான்றுகளை எல்லோரும் கொண்டுவந்து கொட்டுவார்கள். வாடகை ரசீதுகளைப் படித்தால் சென்னையில் ஒருவருக்கும் சொந்த வீடு இல்லை என்று நினைத்துக் கண்ணீர் விடுவீர்கள். மயிலாப்பூரில் தாத்தா கட்டிய வீட்டில் பிறந்து, அங்கேயே கல்யாணம் பண்ணி, அங்கேயே பேரன் எடுத்தவர் மாதாமாதம் அப்பாவுக்கு வாடகை கொடுத்துக்கொண்டிருப்பார். அந்த அப்பா மகனிடம் காபிக்குக் காசு வாங்குகிறவர். பன்னிரண்டு மாத ரசீதுகளிலும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே இடத்தில் ரெவின்யூ ஸ்டாம்ப். ஒருவரின் வீட்டுக்காரர் காலமான பிறகும் விடாமல் கையெழுத்துப் போட்டிருந்தார். விசாரித்தால், “அவர் ரொம்ப பொறுப்பானவர் சார்” என்றார் குடித்தனக்காரர்.

நானும் வாங்கி அடுக்கினேன். வாங்காமல் இருக்க நான் யார்?

சலுகை கேட்பதில் இருந்த இந்த உற்சாகம், அதே படிவத்தில் கடைசியாக இருந்த ‘இதர வருமானம்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் வற்றிப் போய்விடும். விஷயம் ரொம்பச் சாதாரணம். சம்பளம் போக வட்டி, வீட்டு வாடகை என்று வேறு வரும்படி இருந்தால் எங்களிடம் முன்கூட்டியே சொல்லலாம். அதற்கான வரியையும் சேர்த்து மாதச் சம்பளத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துவிடுவோம். சொல்லாவிட்டால் வருடக் கடைசியில் மொத்தமாகக் கட்ட வேண்டும், தாமதத்துக்கு வட்டியும் அழ வேண்டும். சொல்வதுதான் லாபம். ஆனாலும் ஒருவரும் சொல்ல மாட்டார்கள். காரணம், எங்கள் மேனேஜர் வைத்தி சார்.

வைத்தி சார் மயிலாப்பூர்க்காரர். நல்ல மனிதர், கணக்கில் புலி. ஆனால் எந்தக் காகிதத்தையும் வாய்விட்டுப் படிக்காமல் கையெழுத்துப் போட மாட்டார். “கண்ணால படிச்சா மனசுல தங்காது ஓய், காதுல விழுந்தாத்தான் தங்கும்” என்பது அவர் கொள்கை. அவர் மனதில் தங்கியதோ இல்லையோ, ஹாலில் இருந்த அத்தனை பேர் மனதிலும் தங்கிவிடும். அவர் அறை என்பது மூன்று பக்கம் பிளைவுட் தடுப்பு, அதுவும் கழுத்து உயரத்துக்கு. தடுப்பை ஒட்டியே குடிதண்ணீர் மிஷின். கிடங்கில் இருந்த மிஷின் கெட்டுப் போய் அதைச் சரி செய்வதற்கான கோப்பு வருடக்கணக்காகச் சுற்றிக்கொண்டிருந்ததால், கீழே இருப்பவர்களும் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு மாடிக்குத்தான் வருவார்கள். தண்ணீர் நூல் மாதிரி விழும். பாட்டில் நிறைவதற்குள் இரண்டு ஊழியர்களின் குடும்ப நிலவரம் காதில் விழுந்துவிடும்.

கொள்முதல் பிரிவில் சுந்தரேசன் என்று ஒரு அப்பாவி இருந்தார். பூர்வீக நிலத்தை விற்ற பணத்தை வங்கியில் போட்டிருந்தார். வட்டியை நேர்மையாகப் படிவத்தில் எழுதிக் கொடுத்தார். வைத்தி சார் படித்தார்: “இதர வருமானம், வட்டி, ரெண்டு லட்சத்துச் சொச்சம்! சுந்தரேசா, இவ்ளோ பணத்தை வச்சுண்டா தீபாவளி அட்வான்ஸ் கேட்டு வந்து நின்னே?” அன்று சாயங்காலத்துக்குள் மூன்று பேர் அவரிடம் கைமாற்று கேட்டார்கள். ஒருவர் ஜாமீன் கையெழுத்துக் கேட்டார். கேண்டீனில் அவர் டீக்குக் காசு கொடுத்தால் கூட இருப்பவர்களும் தங்கள் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்கள். மறு வருடம் அவர் படிவத்தில் ‘இல்லை’ என்று எழுதினார். தனியாக ஆடிட்டரைப் பிடித்து, வட்டியோடு வரி கட்டினார். “அது நிம்மதிக்குக் குடுக்கற காசு சார்” என்றார்.

சுந்தரேசனைப் பார்த்து மற்றவர்களும் தெளிந்தார்கள். மாம்பலத்தில் மூன்று போர்ஷன் வாடகைக்கு விட்டிருந்தவருக்கு இதர வருமானம் இல்லை. காலையும் மாலையும் வாசலில் செருப்பு குவியும்படி மனைவி வீணை சொல்லிக்கொடுத்த வீட்டிலும் இல்லை. எங்கள் ஆபீஸ் மாதிரி சம்பளத்தை மட்டுமே நம்பி வாழ்ந்த பரிசுத்தமான கூட்டத்தை இந்த நகரத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது.

அப்படிப்பட்ட ஆபீசில், ஒரு ஏப்ரல் மாதம், பில்லிங் பிரிவு அமுதா வந்து என் மேசைமேல் ஒரு படிவத்தை வைத்தாள். இதர வருமானம்: வீட்டில் டியூஷன், நாலு லட்சம்.

மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தேன். நாலு லட்சம்தான்.

“ஏம்மா, நீ வீட்டுக்குப் போகவே ராத்திரி எட்டு மணி ஆகுது. நாலு லட்சத்துக்கு டியூஷன்னா சைதாப்பேட்டைல பாதி ஊரு உன் வீட்லதான் படிக்கணும்.”

அமுதா சிரிக்கவில்லை. “எழுதிக் குடுத்தா வரி பிடிப்பீங்களா சார்?”

“பிடிப்பேன்.”

“நான் சொல்றது நெசமான்னு நீங்க விசாரிக்கணும்னு ரூல் இருக்கா?”

யோசித்தேன். வருமானத்தை மறைக்கிறவர்களைப் பிடிக்கப் பக்கம் பக்கமாக விதிகள் உண்டு. இல்லாத வருமானத்தை இருப்பதாகச் சொல்லி, என் சம்பளத்தில் அதிகம் பிடி என்று ஒருத்தி வந்து நிற்பாள் என்று டெல்லியில் யாருக்கும் தோன்றியிருக்கவில்லை. விசாரிக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்து எங்கேயும் இல்லை. அப்படியே சொன்னேன்.

“அப்ப பிடிங்க சார்” என்றாள்.

“உன் சம்பளத்துக்கு வரியே கிடையாதும்மா. ஒரு பைசா கட்ட வேண்டாம். எதுக்கு இந்த வேலை?”

அமுதாவின் கணவன் பாஸ்கர் எங்கள் கிடங்கிலேயே சூப்பர்வைசர். சிரித்த முகம், யாருக்கும் உதவுவான். எந்நேரமும் கையில் செல்போன். அதில் பச்சையும் சிவப்புமாகக் கோடுகள் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். ஷேர் மார்க்கெட்டில் ஏதோ ஆப்ஷனாம். நாலாயிரம் வந்த நாளில் கிடங்குக்கே பிரியாணி வாங்கிக் கொடுப்பான். நாற்பதாயிரம் போன நாட்களைப் பற்றி அவன் பேசி நான் கேட்டதில்லை.

“சம்பளம் போட்ட மெசேஜ் அவர் போனுக்குத்தான் சார் போவுது. கார்டும் அவர்கிட்டதான். காலைல மார்க்கெட் தொறந்தா அதுக்குள்ள போயிடுது. அடி, உதைலாம் இல்ல சார், நல்லாத்தான் பேசுவாரு. என் வளையல் போச்சு, பொண்ணு கம்மல் போச்சு. இந்த வருஷம் அவ ஸ்கூல் ஃபீஸ எடுத்துட்டாரு. அதான் சார், நானும் அவளும் தனியா ஒரு போர்ஷன் பாத்துக்கிட்டுப் போயிரலாம்னு இருக்கேன். வாடகை நான் கட்டிருவேன். அட்வான்ஸ்தான். பத்து மாச வாடகைய மொத்தமா கேக்கறாங்க.”

சென்னையில் அட்வான்ஸ் என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை.

“கைக்கு வந்தாதான சார் அவர் எடுப்பாரு?” என்றாள். “வர்றதுக்கு முன்னாடியே கவர்மெண்ட் எடுத்துக்கிச்சுன்னா? போன வருஷம் மாலாவுக்குத் தப்பா ஜாஸ்தி பிடிச்சிட்டீங்க. ரிட்டர்ன் போட்டப்புறம் எல்லாம் திரும்பி வந்துச்சில்ல?”

மாலா அவளுடைய பக்கத்து சீட். அந்தத் தவறு நடந்தது உண்மை. கம்ப்யூட்டர் செய்தது என்று சொல்லியிருந்தோம். எங்கள் பிரிவு செய்த பிழையிலிருந்து ஒருத்தி சேமிப்புத் திட்டம் கண்டுபிடித்துவிட்டாள். அஞ்சலகத்தில் போட்டால் பாஸ்புக்கைக் கண்டுபிடித்துவிடுவான். சீட்டுப் போட்டால் சீட்டுக்காரரிடமே போய் நிற்பான். வருமான வரித் துறையிடம் போய்க் கைமாற்று கேட்கிற ஆள் இன்னும் பிறக்கவில்லை. போதாததற்குத் திருப்பித் தரும்போது துறை கொஞ்சம் வட்டியும் தரும்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாதம் ஆறாயிரத்துச் சொச்சம் பிடிபடும். ஒரு வருடத்தில் ஒரு போர்ஷனுக்கான அட்வான்ஸ் ஏறக்குறையத் தேறிவிடும். எனக்கு அந்தப் பெண்ணை நினைத்துப் பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. ஏனென்றால் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர் வைத்தி சார். போடுவதற்கு முன் அவர் படிப்பார். மனைவிக்கு நாலு லட்சம் இதர வருமானம் என்று பாஸ்கர் காதில் விழுந்தால், அந்த நாலு லட்சத்தை அன்றே வீட்டில் தேட ஆரம்பித்துவிடுவான். இல்லை என்று தெரிந்தால், எதற்காக எழுதினாள் என்று கேட்பான்.

சூரத்திலிருந்து லாரி வருகிற நாளாகப் பார்த்தேன். லாரி வந்தால் கிடங்கில் ஒருவரும் தலை நிமிர மாட்டார்கள். நாற்பது படிவங்களுக்கு நடுவில் அமுதாவுடையதைச் செருகி வைத்தி சார் முன்னால் வைத்தேன். அவர் படிக்க ஆரம்பித்தார். பாதி முடிந்திருக்கும். தண்ணீர் மிஷினில் பாட்டில் உரசுகிற சத்தம். எட்டிப் பார்த்தால் பாஸ்கர். லாரி ஆந்திரா எல்லையில் நிற்கிறதாம். ஆகவே ஓய்வாக, ஒன்றுக்கு மூன்று பாட்டில் கொண்டுவந்திருந்தான்.

 படிவத்தை உருவிவிடலாம் என்று கை நீட்டினேன். அதற்குள் அவர் எடுத்துவிட்டார்.

“அமுதா, பில்லிங்!” பெண்டாட்டி பெயரைக் கேட்டதும் பாஸ்கர் திரும்பினான். “பழைய வரி முறை. வாடகை, இல்லை. இன்ஷூரன்ஸ், இல்லை. இதர வருமானம்...”

நிறுத்தினார். அவர் ஒரு வரியைப் பாதியில் நிறுத்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. காகிதத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார். கழுத்தை நீட்டித் தடுப்புக்கு மேலாகப் பாஸ்கரையும், அவன் கையில் இருந்த செல்போனையும் பார்த்தார். தூரத்தில் பில்லிங் மேசையில் அமுதா எழுந்தே நின்றுவிட்டாள்.

“இல்லை!” என்று கணீரென்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பாஸ்கர் மூன்றாவது பாட்டிலை நிரப்பிக்கொண்டு கீழே போன பிறகு, எனக்கு மட்டும் கேட்கும்படி, “டியூஷனாம், நாலு லட்சமாம். என்ன ஓய் கண்றாவி இது?” என்றார். நான் வாயைத் திறந்தேன். உடனே கையை உயர்த்தினார். “வேண்டாம். எங்கிட்ட ஒண்ணும் சொல்லாதேயும். எனக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்ச மாதிரி.”

தன்னைப் பற்றி இவ்வளவு துல்லியமாகத் தெரிந்துவைத்திருந்த அந்த மனிதர் மேல் எனக்குச் சட்டென்று பெரிய மரியாதை வந்தது. அடுத்த படிவத்தில் ஒருவருடைய மூலநோய் வைத்தியச் செலவை அவர் உரக்கப் படித்ததும் அது போய்விட்டது.

மே மாதத் தொடக்கத்தில் சம்பளம் வரவானது. பாஸ்கர் பாட்டில் இல்லாமல் மாடிக்கு வந்தான்.

“இன்னா சார் இது? வூட்ல சம்பளம் ஆறாயிரம் கம்மியா வந்துகீது. வருமான வரின்னு போட்டுக்கீறீங்க. அதே கிரேடு, அதே சம்பளம், மாலாக்கு ஒரு ரூபா பிடிக்கல. இது மட்டும் இன்னா கணக்கு?”

கேள்வி நியாயமானது. ஆகவே அதை மேனேஜர் பக்கம் தள்ளிவிட்டேன். வைத்தி சார் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உக்காருங்கோ பாஸ்கர். மாலா புது முறை. உங்க ஆத்துக்காரி பழைய முறை.”

“அப்ப புதுசுக்கு மாத்து சார்.”

“வருஷ ஆரம்பத்துல எழுதிக் குடுத்தா குடுத்ததுதான். நடுவுல மாத்தப்படாது. வெளக்கறேன், கேளுங்கோ.”

விளக்கினார். நிலைக்கழிவு, அடிப்படை விலக்கு, தள்ளுபடி, அந்தத் தள்ளுபடி எந்த எல்லையைத் தாண்டினால் காணாமல் போகும், வரிமேல் செஸ், செஸ்ஸுக்கு என்ன காரணம், அதற்கு முந்தைய பட்ஜெட்டில் அது எப்படி இருந்தது. அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. ஒரு வார்த்தையும் கேட்ட கேள்விக்குப் பதிலும் இல்லை. அந்தச் சம்பளத்துக்குப் பழைய முறையிலும் வரி கிடையாது, புதிய முறையிலும் கிடையாது. ஆனால் ‘பழைய முறை, புதிய முறை’ என்று சொன்ன பிறகும் துணிந்து இரண்டாவது கேள்வி கேட்கிறவர்களை நான் என் சர்வீசில் பார்த்ததில்லை. பாஸ்கரின் கண் மெல்ல மெல்லச் செருகிக்கொண்டு போனது.

“நாசமாப் போற கவர்மெண்ட்டு சார்” என்றான் கடைசியில். “நாம கஷ்டப்பட்டு சம்பாரிக்கறோம், அவன் சொம்மா குந்திக்கினு எடுத்துக்கறான்.”

“அதைச் சொல்லுங்கோ!” என்றார் வைத்தி சார் உற்சாகமாக. இரண்டு பேரும் சேர்ந்து அரசாங்கத்தை வெகு நேரம் திட்டினார்கள். பெண்டாட்டியின் சம்பளத்தைச் சொம்மா குந்திக்கினு எடுத்துக்கொள்வது பற்றி எனக்கும் சொல்ல ஒன்று இருந்தது. அதற்குப் பதிலாக அடுத்த கோப்பை எடுத்தேன்.

அதன்பின் ஒவ்வொரு மாதமும் அந்த ஆறாயிரம் பாஸ்கரின் செல்போனைத் தொடாமல் டெல்லிக்குப் போனது. அவன் ஒவ்வொரு மாதமும் டெல்லியைத் திட்டினான். அமுதாவும் வீட்டில் கூடச் சேர்ந்து திட்டினாளாம். வருடம் முடிந்ததும் ரிட்டர்னில் டியூஷனும் இல்லை, நாலு லட்சமும் இல்லை. உள்ள சம்பளத்தை மட்டும் காட்டி நானே போட்டுக் கொடுத்தேன். ஓ.டி.பி. வருவதற்கு மாலாவின் செல் நம்பர். பணம் வருவதற்கு மயிலாப்பூரில் அமுதா பெயரில் புதிதாகத் திறந்த ஒரு கணக்கு. சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம் மாலா போனைத் தூக்கிக்கொண்டு சாப்பாட்டு மேசைக்கு ஓடிவந்தாள். பணம் திரும்பி வந்துவிட்டதாக வந்த மெசேஜை அமுதா ஒரு தடவை படித்தாள். தயிர் சாதத்தை முழுக்கச் சாப்பிட்டு, கை கழுவிவிட்டு, மறுபடி ஒரு தடவை வாங்கிப் படித்தாள்.  கொஞ்ச நாளில் சம்பளத்தையும் அந்தக் கணக்குக்கே மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்தாள்.

அந்தச் செயலியில் இதெல்லாம் முடியுமா என்று கேட்காதீர்கள். ரகசியமாக நாலு லட்சம் போடலாம், முடியும். கைதட்டியவர்கள் தட்டியது சரிதான். ஆனால் அதில் ஒரு குறை இருக்கிறது. அது எதையும் உரக்கப் படிக்காது.

அடுத்த ஜனவரித் திருவிழா வந்தது. அப்பாக்களும் மாமனார்களும் கையெழுத்திட்ட வாடகை ரசீதுகள் என் மேசையில் குவிந்தன. அமுதாவும் ஒரு கட்டு கொண்டுவந்தாள். மேற்கு மாம்பலம், ஸ்டேஷனுக்குப் பக்கத்துச் சந்து, அவளும் மகளும் மட்டும் குடிபோன மாடி போர்ஷன். ஒவ்வொரு மாதத்துக்கும் வேறு வேறு பேனா. ஒரு ரசீதில் எண்ணெய்க் கறை. ஒன்றில் ஸ்டாம்ப் கோணல். வீட்டுக்கார அம்மாளின் கையெழுத்து ஒன்றுபோல் ஒன்று இல்லை. என் சர்வீசில் நிஜம் என்று மனதார நம்பி வாங்கிய வாடகை ரசீது அதுதான்.

“இது உனக்குத் தேவையே இல்லையேம்மா” என்றேன். “உனக்குத்தான் வரியே கிடையாதே, எதுல குறைக்கறது?”

“தெரியும் சார். வரிக்காகக் குடுக்கல.” மேனேஜர் அறைப் பக்கம் கையைக் காட்டினாள். “வைத்தி சார்கிட்ட வைங்க. அவர் படிக்கட்டும்.”

வைத்தேன். தண்ணீர் மிஷினில் நூல் மாதிரி தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அங்கே பாட்டிலோடு யார் நின்றிருந்தார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வைத்தி சார் ரசீதைப் பார்த்தார், தடுப்புக்கு மேலாக ஒரு தடவை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். இந்த முறை எங்கேயும் நிறுத்தவில்லை.

“அமுதா, பில்லிங்! வீட்டு வாடகை, உண்டு! குடியிருப்பவர் பெயர், அமுதா!”

பில்லிங் மேசையில் அதைக் கேட்பதற்காக எழுந்து நின்றிருந்தவள், உட்கார்ந்து அடுத்த பில்லை எடுத்தாள்.